ஹேண்ட் பிரஸ் மக்கர் செய்தால்: தாளைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

இரும்பு ஹேண்ட் பிரஸ், அதாவது கையால் இழுத்து அச்சடிக்கும் இயந்திரம், வைத்திருப்பவர்கள் இன்று விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஓவியக் கல்லூரிப் பட்டறைகள், லினோகட்டும் மரக்கட்டையும் போடும் கலைஞர்கள், தாத்தா காலத்து அச்சகத்தை எடைக்குப் போட மனம் வராத சிலர். ஆனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "நேற்று நன்றாக விழுந்தது, இன்றைக்கு ஏன் இப்படி?"

நான் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷினில் பல வருஷம் ஓட்டிவிட்டு, இப்போது ஒரு பட்டறையில் பழைய ஆல்பியன் அச்சு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் ஸ்பேனரைப் பூட்டி வைத்திருப்பார். கேட்டால், "தம்பி, முதல்ல தாளைப் பாரு. அதுலயே எல்லாம் எழுதியிருக்கு" என்பார். அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது என் ஸ்பேனரும் பூட்டிய பெட்டியில்தான் இருக்கிறது.

இந்த இயந்திரத்தில் அலங்காரத்தைத் தவிர வீணான பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு அச்சுக்காரன் பட்ட அவதிக்குப் பரிகாரமாக வந்தது. எந்த அவதிக்கு எந்தப் பாகம் என்று தெரிந்துகொண்டால், அதே அவதி உங்கள் தாளில் தலைகாட்டும்போது எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று புரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கோளாறோடும் அந்தப் பாகத்தின் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த அச்சு?

உச்சியில் இறக்கை விரித்த கழுகு உட்கார்ந்திருந்தால் அது கொலம்பியன். பிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் கிளைமர் 1813 வாக்கில் செய்தது. 1817-இல் அவர் லண்டனுக்கே குடிபோய் அங்கே செய்து விற்றார். உச்சியில் கழுகுக்குப் பதில் ஒரு செம்பு கவிழ்த்தது மாதிரி மூடி இருந்தால் ஆல்பியன். லண்டனில் ரிச்சர்ட் விட்டேக்கர் கோப் 1820 வாக்கில் தொடங்கியது. மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் ஒளிந்திருக்கும். அழுத்துகிற தட்டின் இரு பக்கமும் இரண்டு ஸ்பிரிங் வெளியே தெரிந்தால் வாஷிங்டன் வகை. சாமுவேல் ரஸ்ட் 1821-இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கியதிலிருந்து வளர்ந்தது. நடுவில் தடித்த திருகும், இரு தூண்கள் வயிறு புடைத்தும் இருந்தால் ஸ்டான்ஹோப். அது கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஓட்டாமல் பத்திரமாக வையுங்கள்.

பெயர்களையும் பேசி வைத்துக்கொள்வோம். அச்சு எழுத்துகளைச் சட்டத்துக்குள் அடுக்கிப் பூட்டியது பாரம். அது உட்காரும் இரும்புப் பலகை பெட். மேலிருந்து இறங்கி அழுத்துவது பிளாட்டன். தாளைத் தாங்கி மடிந்து வரும் சட்டம் டிம்பன். அதற்குள் இருக்கும் தாளும் துணியும் பேக்கிங். தாளின் ஓரத்தில் மை படாமல் மறைக்கிற மெல்லிய சட்டம் ஃபிரிஸ்கெட். இழுக்கிற தடியை நான் கைப்பிடி என்றே சொல்கிறேன்.

ஒரு மூலை மட்டும் வெளிறிப்போகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். வந்தவுடன் எல்லோரும் பிளாட்டன் போல்ட்டைத் திருகப் போவார்கள். வேண்டாம். மூன்று தாள் செலவழித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

முதல் தாளை எடுத்து, வெளிறிய மூலையைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்புறம் பாரத்தைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி பெட்டில் வைத்து இன்னொன்று எடுங்கள். வெளிறல் பாரத்தோடு சேர்ந்து எதிர் மூலைக்குப் போய்விட்டதா? அப்படியென்றால் குறை எழுத்திலோ கட்டையிலோ. அதே இடத்தில் நின்றால், டிம்பனைத் திறந்து பேக்கிங்கை மட்டும் தலைகீழாகத் திருப்பி மூன்றாவது தாளை எடுங்கள். வெளிறல் நகர்ந்தால் பேக்கிங். ஒரு தாள் கிழிந்தோ மடிந்தோ இருக்கும். இரண்டுக்கும் அசையாமல் அங்கேயே நின்றால்தான் பிளாட்டன் மேல் சந்தேகப்படலாம்.

பாரத்தில்தான் குறை என்றால் பெரும்பாலும் உயரம். நம் ஊரில் புழங்கியது ஆங்கில அளவு: எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது சுமார் 23.3 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் டிடோ அளவு எழுத்து கால் மில்லிமீட்டர் அளவுக்கு உயரம் கூடுதல். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர். ஆக இரண்டையும் கலந்துவிட்டால் இரண்டரைத் தாள் வித்தியாசம். ஒரு வரி கரேலென்றும் பக்கத்து வரி சோகை பிடித்தும் நிற்கும். தச்சரிடம் வாங்கிய மரக்கட்டையில் ஏற்றிய பிளாக் இன்னும் மோசம். கட்டையின் அடியில் தாள் ஒட்டி உயர்த்துங்கள். தமிழ் எழுத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: புள்ளியைப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்' 'கண' என்று விழுகிற இடத்தில்தான் பள்ளம்.

பிளாட்டன்தான் என்று முடிவானால், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த நான்கு பெரிய எழுத்துகளைப் பிளாட்டனின் நான்கு மூலைக்கும் நேராக நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் விரலகலத் தாள் துண்டு. கைப்பிடியை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நான்கு துண்டுகளையும் உருவிப் பாருங்கள். மூன்று சிக்கி, ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூலை தூக்கி நிற்கிறது. பிளாட்டனை மேலே பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, இடையில் மெல்லிய பித்தளைத் தகடு கொடுத்து இறுக்குங்கள். போல்ட்டை முறுக்கியே சமன் செய்யப் பார்த்தால் வார்ப்பிரும்பு பிளாட்டன் வளையாது, உடைந்துவிடும்.

இன்னொரு காரணம் நம் சோம்பல். சின்ன கார்டு ஒன்று போட வேண்டும் என்று பாரத்தைக் கைக்கு எட்டுகிற ஓரத்தில் வைத்துவிடுகிறோம். பிளாட்டன் நடுவில்தான் தள்ளப்படுகிறது. ஓரத்தில் மட்டும் எதிர்ப்பு இருந்தால் சாயாமல் என்ன செய்யும்? பாரம் எப்போதும் நடுவில். சின்ன பாரமானால் எழுத்து உயரத்துக்குச் சீவிய மரச்சட்டங்களை நான்கு மூலையிலும் வையுங்கள்.

பிளாட்டன் முழுத் தாளையும் ஒரே இழுப்பில் மூடுவதே ஒரு பெரிய சாதனை. மர அச்சில் அது முடியவில்லை. மரச்சட்டமும் திருகும் அவ்வளவு பரப்புக்கு அழுத்தம் தர முடியாததால் பிளாட்டன் தாளில் பாதிதான் இருக்கும். ஒரு பாதியை இழுத்து, பெட்டை இன்னும் உள்ளே உருட்டி, மறு பாதியை இழுக்க வேண்டும். 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில் தமிழ் அச்சானபோதும், 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் கொண்டுவந்த அச்சு வேப்பேரி மிஷனுக்குக் கிடைத்தபோதும் உலகம் முழுக்க மர அச்சுதான். 1772-இல் பாசல் நகரத்து வில்ஹெல்ம் ஹாஸ் இரும்பைச் சேர்த்துப் பார்த்தார். ஆனால் முழு இரும்புச் சட்டத்தில், முழு அளவு பிளாட்டனோடு, ஒரே இழுப்பில் வேலையை முடித்தவர் இங்கிலாந்தின் ஸ்டான்ஹோப் பிரபு. ஆண்டு ஏறக்குறைய 1800. காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மூலை இல்லாமல் நடுவில் எங்கோ ஒரு புள்ளி மட்டும் எப்போதும் வெளிறினால் பிளாட்டனின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் அச்சில் புளியங்கொட்டை அளவு பள்ளம் ஒன்று இருக்கிறது. உபயம் நான்தான். பாரம் பூட்டிய சாவியை பெட்டின் மேலேயே வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் இழுத்துவிட்டேன். அந்த இடத்துக்கு நேராக டிம்பனுக்குள் டிஷ்யூத் தாளை மூன்று அடுக்காகக் கிழித்து ஒட்டியிருக்கிறேன். கத்தரித்தால் அந்த விளிம்பு அச்சில் தெரியும், கிழித்தால் தெரியாது.

கைப்பிடி கல்லாகக் கனக்கிறது

எவ்வளவு கனக்கிறது என்பதைவிட, இழுப்பின் எந்த இடத்தில் கனம் வருகிறது என்பதுதான் விஷயம்.

ஆல்பியனிலும் வாஷிங்டனிலும் அழுத்தம் தருவது முழங்கால் மூட்டு மாதிரியான அமைப்பு. மடங்கி நிற்கும் மூட்டு, கைப்பிடியை இழுக்க இழுக்க நிமிர்ந்து பிளாட்டனைக் கீழே தள்ளுகிறது. ஆல்பியனில் சாய்ந்து நிற்கும் குட்டையான எஃகுத் துண்டு ஒன்று நிமிர்கிறது. மூட்டின் குணம் என்னவென்றால், மடங்கியிருக்கும்போது பலம் குறைவு, வேகம் அதிகம். நிமிர நிமிர வேகம் குறைந்து பலம் எகிறும். சம நீளமுள்ள இரண்டு தண்டு சேர்ந்த மூட்டு நேர்க்கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் 10 பாகை விலகி நிற்கும்போது கொடுத்த விசையைப்போல் 2.8 மடங்குதான் தரும். 2 பாகைக்கு வந்தால் 14 மடங்கு. பிளாட்டன் காற்றில் இறங்குகிற தூரத்துக்குப் பலம் தேவையில்லை. தாளைத் தொட்ட பிறகு கடைசி மயிரிழைக்குத்தான் தேவை. அதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது இது.

திருகில் இந்த வசதி கிடையாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே விகிதம். ஃபிலடெல்ஃபியாவில் ஆடம் ரமாஜ் திருகைப் பருமனாக்கி மரையை நெருக்கமாக்கினார். பலம் கூடியது, ஆனால் பிளாட்டன் இறங்குவது மெதுவானது. ஸ்டான்ஹோப் திருகை விடாமல், கைப்பிடிக்கும் திருகுக்கும் நடுவே நெம்புகோல்களைக் கோத்து, இழுப்பின் முடிவில் பலம் பெருகும்படி செய்தார். கிளைமர் திருகையே தூக்கிப்போட்டுவிட்டு எல்லாவற்றையும் நெம்புகோலுக்கு விட்டார். முழங்கால் மூட்டு வந்தபிறகு ஹேண்ட் பிரஸ்ஸில் பெரிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, உங்கள் கைப்பிடிக்கு வருவோம். பாரமே வைக்காமல், டிம்பனும் இல்லாமல் வெறுமனே இழுங்கள். அப்போதும் கனத்தால் மூட்டில் எண்ணெய் வறண்டிருக்கிறது, அல்லது பழைய எண்ணெய் வார்னிஷ் மாதிரி இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடைத்து, புதிதாக எண்ணெய் விடுங்கள். பழையதைத் துடைக்காமல் மேலே மேலே விட்டால் அழுக்குதான் சேரும்.

வெறுமனே இழுத்தால் லேசாக இருந்து, பாரம் வைத்தபிறகு பாதி வழியிலேயே கை நிற்கிறதா? மூட்டு இன்னும் மடங்கியிருக்கும்போதே பிளாட்டன் தாளை எட்டிவிட்டது. பேக்கிங் அதிகம். இந்த நிலையில் காலை உதைத்துக்கொண்டு இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகு போகும், மூட்டின் ஊசி வளையும், அச்சும் தெளிவாக விழாது. ஒரு தாளை உருவுங்கள், இழுத்துப் பாருங்கள், இன்னொன்றை உருவுங்கள். கைப்பிடி உங்கள் பக்கம் முழுதாக வந்து நிற்கப்போகிற கடைசி வீச்சில் கனம் வர வேண்டும். அதுதான் சரியான இடம்.

கைப்பிடி முழுதும் வந்தும் கனமே தெரியாமல் அச்சு வெளிறினால் எதிர்க் கதை. தாள் சேருங்கள். நான்கைந்து தாள் சேர்த்தும் போதவில்லை என்றால் மட்டும் ஆல்பியனில் அழுத்தத்தைக் கூட்டும் ஆப்பைத் தொடலாம். ஒரு திருகு அந்த ஆப்பை உள்ளே தள்ளும். கால் சுற்று திருப்பி ஒரு தாள் எடுங்கள். திருப்புவதற்கு முன் அது இருந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். திரும்பிப் போக வழி வேண்டும்.

இழுத்தாயிற்று, பிளாட்டன் மேலே ஏறவில்லை

மர அச்சில் கைப்பிடியைத் திரும்பத் தள்ளுவதே ஒரு வேலை. 1620 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் நிலப்படம் போட்டுப் புகழ்பெற்ற வில்லெம் பிளாவு, கைப்பிடி தானாகத் திரும்பும்படி அச்சைத் திருத்தினார் என்பார்கள். 1683-இல் அச்சுத் தொழிலை விரிவாக எழுதிவைத்த ஜோசப் மாக்ஸன் இந்தப் புதுமாதிரி அச்சைத்தான் சிபாரிசு செய்தார். இரும்பு காலத்தில் பிளாட்டனே கனமான இரும்பாகிவிட்டதால் அதைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. கிளைமர் அந்த வேலையைக் கழுகிடம் கொடுத்தார். கொலம்பியனின் கழுகு அழகுக்கு மட்டும் இல்லை, எதிர் எடை அது. கைப்பிடியை இழுத்தால் கழுகு மேலே எழும்பும். விட்டால் அது இறங்கி பிளாட்டனைத் தூக்கும். கோப் கழுகை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மூடிக்குள் வைத்தார். ஆல்பியன் எடை குறைந்ததற்கும், இங்கிலாந்துக்காரர்கள் அதை விரும்பியதற்கும் இதுவும் ஒரு காரணம்.

பிளாட்டன் சோம்பினால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். பிளாட்டனோடு சேர்ந்த பிஸ்டன் ஏறி இறங்கும் காடியில் (நீளப் பள்ளத்தில்) அழுக்கு இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்தில் எட்டு தடவை அதுதான். சுத்தம் செய்தும் ஏறாவிட்டால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் நட்டை இறுக்கலாம்.

மூடியைக் கழற்றும் முன்னால் பிளாட்டனுக்கும் பெட்டுக்கும் நடுவில் இரண்டு தடித்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். ஸ்பிரிங் பிளாட்டனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நட்டு கழன்றால் பிளாட்டன் கீழே வரும், உங்கள் கை உள்ளே இருந்தாலும் வரும்.

வாஷிங்டன் வைத்திருப்பவர்கள் இரு பக்க ஸ்பிரிங்கையும் சமமாக முறுக்க வேண்டும். ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு என்றால் பிளாட்டன் ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முதலில் சொன்ன மூலை வெளிறலுக்குச் சில சமயம் இதுவே காரணம்.

எழுத்துக்கு இரட்டை விளிம்பு

லென்ஸை எடுங்கள். நிழல் எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்தால் அது அசைவு இல்லை; மை அதிகம் அல்லது அழுத்தம் அதிகம், மை பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. நிழல் ஒரே திசையில் மட்டும் இருந்தால் எதுவோ அசைந்திருக்கிறது. அது எது என்பதுதான் கேள்வி.

முதலில் டிம்பனின் கீல். பல வருஷம் மடக்கி விரித்துத் துளை பெரிதாகியிருக்கும். டிம்பனைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாலே தெரியும். அடுத்து பேக்கிங் தொளதொளவென்று இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தவில் தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். அப்புறம் தாள். நனைத்த கைக்காகிதம் கனத்தால் தொங்கி, டிம்பன் முழுதாக மூடுவதற்கு முன்பே எழுத்தைத் தொட்டுவிடும். ஃபிரிஸ்கெட்டில் குறுக்கே இரண்டு நூல் கட்டினால் தாள் தொங்காது.

பாரமே அசைவதும் உண்டு. பாரத்தை இறுக்கிப் பூட்டும் குவாயினை அளவுக்கு மீறி முறுக்கினால் பாரம் நடுவில் வில்லாக வளைந்து மேலே எழும்பும். பார்க்கத் தட்டையாகத்தான் இருக்கும். நடுவில் விரலால் அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கி ஏறினால் அதுதான். தளர்த்தி, சமன்கட்டையால் தட்டி, மறுபடி பூட்டுங்கள். எழுத்துக் கோக்கும் நம் கம்பாசிட்டர்கள் "எழுத்து நடக்கக் கூடாது, ஆனா மூச்சு விடணும்" என்பார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பிளாட்டன். கைப்பிடி தளர்ந்த நிலையில் பிளாட்டனை இரு கையாலும் பிடித்து முறுக்குவது மாதிரி ஆட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்றால் காடி தேய்ந்திருக்கிறது. திருகு அச்சில் இது உயிர்ப் பிரச்சினை. திருகு சுற்றும், பிளாட்டன் சுற்றாமல் நேராக இறங்க வேண்டும். அதற்கென்றே திருகைச் சுற்றி ஒரு கூடு வைத்தார்கள். பிளாவு செய்த திருத்தங்களில் இந்தக் கூடும் ஒன்று. மூட்டு அச்சில் சுற்றுகிற பொருளே இல்லாததால் காடி மெதுவாகத்தான் தேயும். தேய்ந்திருந்தால் அனுபவமுள்ள ஃபிட்டரைக் கூப்பிடுங்கள்.

சொற்களுக்கு நடுவே கறுப்புக் கட்டை

இடைவெளிக்குப் போட்ட ஸ்பேஸ் மேலே எழும்பி மை வாங்குகிறது. அச்சில் கோளாறு இல்லை. வரி தளர்வாகக் கோக்கப்பட்டிருக்கிறது. ஊசியால் அமுக்கிவிட்டு ஓட்டினால் பத்தாவது தாளில் மறுபடி வரும். பூட்டைத் திறந்து, அந்த வரியில் மெல்லிய ஸ்பேஸ் ஒன்று சேர்த்துவிடுவதுதான் வழி.

பெட் உருள மறுக்கிறது

பெட்டை உள்ளே வெளியே இழுப்பது உருளையில் சுற்றிய தோல் வார். மழைக்காலத்தில் நீளும், கோடையில் சுருங்கும். உருளை சுற்றி, பெட் தாமதமாகக் கிளம்பினால் வார் தொய்ந்திருக்கிறது. ஒரு துளை இறுக்குங்கள். வார் சரியாக இருந்தும் கனத்தால் தண்டவாளத்தைத் துடைத்து எண்ணெய் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், காகிதத் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். போகும்போது லேசாகவும் வரும்போது கனமாகவும் இருந்தால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், தரை சாய்ந்திருக்கும்.

மை திட்டுத் திட்டாக விழுகிறது

இங்கிலாந்து அச்சகங்களில் கறுப்புத் திட்டுக்கு 'மங்க்' என்றும் வெளிறிய திட்டுக்கு 'ஃப்ரையர்' என்றும் பட்டப்பெயர். இரண்டும் கிறிஸ்தவத் துறவிகளைக் குறிக்கும் சொற்கள். ஒருவர் அங்கி கறுப்பு, இன்னொருவர் அங்கி வெளுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். திட்டுகள் ஏன் வந்தன என்றால், அன்று மை போட்டது ரோலரால் இல்லை. தோலுக்குள் கம்பளியோ முடியோ திணித்த இரண்டு உருண்டைகளால். ஒன்றோடொன்று தட்டி, பாரத்தின் மேல் ஒற்றி ஒற்றிப் போவார்கள். ஒரு ஒற்று அழுத்தினால் மங்க், ஒன்று தவறினால் ஃப்ரையர். தோல் காயாமல் இருக்க ராத்திரி முழுக்க மூத்திரத்தில் ஊறப்போடுவார்கள். அந்த அச்சகத்தின் வாசனையை நினைத்துப் பாருங்கள்.

1810-களில் வஜ்ஜிரப் பசையும் பாகும் சேர்த்துக் காய்ச்சி வார்த்த ரோலர் வந்து இந்த உருண்டைகளை ஒழித்தது. அச்சின் இரும்பு பாகங்களைவிட எழுத்தின் சீரான கறுப்புக்கு அதிகம் உதவியது இந்த வெல்லப்பாகு ரோலர்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நம் வெயிலுக்கு அது எதிரி. சித்திரை மதியத்தில் இளகும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்து மை பிடிக்காது. இப்போது எல்லோரும் ரப்பருக்கு வந்துவிட்டோம்.

ரப்பர் ரோலரிலும் திட்டு விழுந்தால் உள்ளங்கையை ரோலர்மேல் வையுங்கள். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் மேல்தோல் செத்துவிட்டது. மை பிடிக்காது, மாற்ற வேண்டும். லேசாகக் கையைப் பிடித்து இழுத்தால் ரோலர் நல்லது, குற்றம் மையில். மைத்தட்டில் ரோலரை உருட்டும்போது வரும் சத்தத்தைக் கேளுங்கள். பட்டுப்புடவை உரசுவது மாதிரி மெல்லிய சத்தம் என்றால் அளவு சரி. சளசளவென்று ஒலித்தால் மை அதிகம். காலையில் குளிரில் மை இறுகியிருந்தால் கத்தியால் பிசைந்து சூடேற்றுங்கள். அவசரப்பட்டு எண்ணெய் ஊற்றினால் அச்சைச் சுற்றி மஞ்சள் வளையம் படரும்.

இரண்டாம் பக்கம் ஒத்து வரவில்லை

டிம்பனில் இரண்டு ஊசி வையுங்கள். முதல் பக்கம் அடிக்கும்போது தாளில் விழுகிற துளையிலேயே மறுபக்கம் அடிக்கும்போதும் ஊசி ஏற வேண்டும். நூற்றாண்டுகளாக இதே முறைதான். ஊசி இருந்தும் விலகினால் தாள் சுருங்கியிருக்கிறது: ஈரமாக முதல் பக்கம் அடித்து, காயவிட்டு மறுநாள் இரண்டாம் பக்கம் அடித்திருப்பீர்கள். அடித்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்து, ஈரம் போவதற்குள் மறுபக்கத்தை முடியுங்கள்.

இழுக்கும்போது "டக்"

கையை விடுங்கள். இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வார்ப்பிரும்பு நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. பிளாட்டன் கீழே அழுத்தும்போது அதே அளவு விசை சட்டத்தின் இரு தூண்களையும் மேலும் கீழுமாக இழுக்கிறது. இரும்பு அச்சின் தொடக்கத்திலேயே இந்த வியாதி வந்துவிட்டது. ஸ்டான்ஹோப்பின் முதல் மாதிரிகளில் தூண்கள் நேராக இருந்தன, விரிசல் விட்டன. 1806 வாக்கில் தூண்களை வயிறு புடைத்த மாதிரி தடிமனாக்கினார்கள். சாமுவேல் ரஸ்ட் 1829-இல் வேறு வழி கண்டார்: தூண்களைக் குழாயாக வார்த்து, உள்ளே தேனிரும்புக் கம்பி கொடுத்து மேலும் கீழும் இறுக்கினார். இழுவையைத் தாங்குவது தேனிரும்பு, வடிவத்தைத் தாங்குவது வார்ப்பிரும்பு. எனக்குத் தெரிந்து இந்த அச்சுகளில் செய்த திருத்தங்களில் இதுதான் மிகவும் புத்திசாலித்தனமானது. எடையும் குறைந்தது, பிரித்து வண்டியில் ஏற்றி அமெரிக்காவின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோனார்கள். 1890-களில் லண்டனில் வில்லியம் மாரிஸ் தன் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் கனமான மரச்செதுக்கு ஓரங்களோடு பெரிய பக்கங்களை அடித்தபோது, ஒரு ஆல்பியனுக்கு இரும்புப் பட்டை போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. அந்த அச்சு இப்போது நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டரில் இருக்கிறது.

சத்தம் கேட்டால் முதலில் எளிய காரணங்களைத் தள்ளுங்கள்: ஆப்பு நழுவியிருக்கலாம், மூட்டு ஊசி உடைந்திருக்கலாம், பாரத்துக்குள் மரத்துண்டு பிளந்திருக்கலாம். எதுவும் இல்லையென்றால் சட்டத்தைச் சோதிக்க வேண்டும். பெயின்ட் மேல் தெரிகிற கோடு பெயின்ட் விரிசலாகவும் இருக்கலாம், அதனால் சந்தேகமான இடத்தில் பெயின்டைச் சுரண்டுங்கள். மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, ஈரமே இல்லாமல் துடையுங்கள். சாக்பீஸை நுணுக்கி அந்தப் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்பு முடி மாதிரி ஒரு கோடு எழும்பும்.

தூணிலோ, மேல் வளைவிலோ, பிளாட்டனிலோ அந்தக் கோடு தெரிந்தால் அச்சு ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். தெருமுனை வெல்டிங் கடைக்கு ஆள் அனுப்பாதீர்கள். வார்ப்பிரும்பைக் குளிர்ந்தபடி ஆர்க் வெல்டிங் செய்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். சூடேற்றாமல் விரிசலுக்குக் குறுக்கே உலோகப் பூட்டுகள் பதித்துத் தைக்கும் முறை ஒன்று உண்டு. என்ஜின் பிளாக் ரிப்பேர் செய்கிறவர்களைக் கேளுங்கள். வெளியே கம்பி கொடுத்து மேலும் கீழும் இறுக்குவது இன்னொரு வழி; ரஸ்ட் உள்ளே செய்ததை நீங்கள் வெளியே செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் அச்சில் பின் காலில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல் இருக்கிறது. கால் எடையைத்தான் தாங்குகிறது, இழுவை அங்கே போவதில்லை, அதனால் ஓட்டுகிறேன். தூணாக இருந்தால் ஓட்டமாட்டேன். விரிசலின் இரு நுனியிலும் ஊசியால் குறுக்குக் கீறல் போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். மாதத்தில் முதல் திங்கட்கிழமை மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் எடுத்துக்கொண்டு குனிந்து பார்ப்பேன். கோடு இதுவரை கீறலைத் தாண்டவில்லை.